வானத்தில் ஒட்டிய பல்லி

கண்டியின் கொழும்பு வீதியில் கருவாட்டுக் கடைக்கு மேலே இருந்த அந்த அறைக்கு வருகிற எவரும் முதலில் செய்கிற காரியம் மூக்கைப் பொத்துவதுதான். ரத்தினம்மா அதைத் தப்பாக எடுப்பதில்லை. எவ்வளவு நேரத்தில் கையை எடுக்கிறார்கள் என்பதை வைத்தே வந்திருக்கும் துன்பத்தின் எடையைச் சொல்லிவிடுவாள். சின்னத் துன்பக்காரர்கள் கடைசிவரை பொத்திக்கொண்டே பேசுவார்கள்.

வேலாயி மூக்கைத் தொடவே இல்லை.

இருபத்திரண்டு வருடம் மாநகரசபையின் முறைப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கண்டி நகரத்தின் அடைத்த சாக்கடைக் கான்களையும் அண்டைவீட்டுப் பொய்களையும் கேட்டுத் தீர்த்தவள் ரத்தினம்மா. ஓய்வுபெற்ற பிறகு, துப்பறிவதற்கென்று பொய்களை மட்டும் வைத்துக்கொண்டாள். கூட இருப்பவன் நளீர், த்ரீவீலர்காரன். தன்னை உதவியாளன் என்று அவனே நியமித்துக்கொண்டான். அவளும் மறுப்புச் சொல்லவில்லை.

"மடுல்கெல்லயிலேர்ந்து வாறேங்கம்மா, தேயிலத் தோட்டத்துல கொழுந்தெடுக்கிறேன்" என்றாள் வேலாயி. "எம்மக சீதா. எட்டு மாசத்துக்கு முந்தி சைப்பிரஸுக்கு வீட்டு வேலைக்குன்னு அனுப்புனோம். பழனியாண்டி ஐயா ஏஜென்சி மூலமா. போன நாள்லேர்ந்து ஒரு போன் இல்ல, ஒரு கடுதாசி இல்ல. மாசாமாசம் அவரு ஆபீஸுல போயி நிப்பேன். போன மாசம் இதக் குடுத்தாரு."

ஒரு கடித உறை. உள்ளே ஒரு கடிதமும் ஒரு புகைப்படமும்.

படத்தில் ஒரு குட்டிக் கடற்கரை. இரண்டு பக்கமும் குன்றுகள் வந்து உள்ளங்கையில் தண்ணீரை ஏந்துவதுபோல் வளைந்து நின்றன. நடுவில் நீலம். ஒரு வெள்ளைப் படகு. மணலில் ஓலைத் தொப்பியுடன் சீதா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தோளைச் சுற்றி ஓர் ஆணின் கை. ஆள் படத்துக்கு வெளியே. கை மட்டும்தான் உள்ளே. மணிக்கட்டில் கடிகாரம்.

"எங்க தோட்டத்து லயத்துல கடலப் பாத்தவ ஒருத்தியும் இல்லம்மா. அவளாச்சும் பாத்தாளேன்னு மொதல்ல சந்தோசந்தான் பட்டேன். அப்பறந்தான் அந்தக் கையப் பாத்தேன்."

நளீர் அவளுக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றி வைத்தான்.

"அவங்கப்பா இதப் பாத்ததிலேர்ந்து அவ பேர வீட்டுல எடுக்கக்கூடாதுன்னுட்டாரு. பொலிஸுக்குப் போவோம்னா, போயி இந்தப் படத்தயா காட்டப் போறன்னு கேக்குறாரு. அவ எங்க இருக்கா, உசுரோட இருக்காளான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கம்மா. கெட்டுப்போனாலும் எம்புள்ளதானே."

ரத்தினம்மா கடிதத்தை வாசித்தாள். 'எமது சைப்பிரஸ் பிரதிநிதி அறியத் தருவது: 15.06.2011 புதன்கிழமை லீவு தினமாகையால், தங்கள் மகள் சீதா எஜமானியின் அனுமதியின்றி ஓர் ஆணுடன் கடற்கரைக்குச் சென்று உல்லாசமாக இருந்துள்ளார். அதன்பின் வேலைக்குத் திரும்பவில்லை. இனி அவருடைய நடத்தைக்கு எமது நிறுவனம் பொறுப்பல்ல.'

அவள் முகம் புளித்த மோரைக் குடித்தவள் முகமாயிற்று. பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தின் மேல் நகர்த்தினாள். வலது மூலையில், வானத்தில், ஒரு சின்னக் கருப்புப் புள்ளி.

"அது ஏரோப்ளேன்ங்கம்மா" என்றாள் வேலாயி.

ரத்தினம்மா கண்ணாடியை நளீரிடம் நீட்டினாள். "நாலு காலும் ஒரு வாலும் உள்ள ஏரோப்ளேன் நீ பாத்திருக்கியா?"

நளீர் குனிந்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான். "பல்லிக்கா. ஊட்டுல ஈக்கிற பல்லி. வானத்துல ஒட்டிக்கிட்டு ஈக்குது. எங்கட மாமனார் சைப்பிரஸ் விசாவுக்கு ரெண்டு வருஷமா அலயிறாரு, இதுக்கு யாரு குடுத்த?"

"வானத்துல பல்லி ஒட்டாது. சுவத்துலதான் ஒட்டும்" என்றாள் ரத்தினம்மா. "வேலாயி, உங்க மக கடலுக்குப் போகல. கடலக் கொண்டாந்து அவ முதுகுக்குப் பின்னால ஒட்டியிருக்காங்க. கீழ மண்ணக் கொட்டியிருக்காங்க."

வேலாயி படத்தைத் திருப்பி வாங்கி, முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தாள். "அப்ப எம்புள்ள எங்க?"

"போறதுக்கு முந்தி இங்கயே படம் எடுத்து வச்சிருப்பாங்க. அவ அங்க ஏதோ ஒரு வீட்டுல மாட்டிக்கிட்டிருக்கணும். அந்த வீட்டு விலாசம் வேணும். வாங்க, விலாசம் வச்சிருக்கிறவரப் பாத்துட்டு வருவோம்."

*

பழனியாண்டியின் அலுவலகம் மூன்றாம் மாடியில். வேலாயியை அங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவளை நளீரோடு த்ரீவீலரில் விட்டுவிட்டு ரத்தினம்மா தனியாக ஏறினாள்.

பழனியாண்டி நெற்றியில் சந்தனம் இட்டிருந்தார். அவள் சேலையிலிருந்து கருவாடு மணந்திருக்க வேண்டும். சிரிப்பு மாறாமல் மேசை லாச்சியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து, காற்றில் ரோஜா வாசனையைப் பீச்சினார்.

"உட்காருங்கம்மா. என்ன விஷயமா?"

"சைப்பிரஸுக்கு ஒரு பிள்ள விஷயமா வந்தேன்." ரத்தினம்மாவுக்கு ஒரு கொள்கை உண்டு. வேலையில் பொய் சொல்ல மாட்டாள். உண்மையைப் பாதியில் நிறுத்திக்கொள்வாள். "அந்த ஊரு எப்படிங்க? பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் காத்து வெளிச்சம் உண்டா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க." அவர் கதிரையில் சாய்ந்தார். "நானும் தோட்டத்துல பொறந்தவன்தான். நம்ம புள்ளைங்க கஷ்டம் நமக்குத் தெரியாதா? அங்க ஒரு குட்டிக் கடற்கரை இருக்கு. ரெண்டு பக்கமும் மலை, நடுவுல தண்ணி. காத்து அடிக்காது, அலை அடிக்காது. கழுத்தளவு தண்ணியில நின்னா கால் வெரல எண்ணலாம். நம்ம புள்ளைங்க லீவுல அங்கதான் போகும். நானே போயி கால நனைச்சிருக்கேன். கோயில் தெப்பக்குளம் மாதிரி, அவ்வளவு சுத்தம்."

"லீவு எந்த நாள்ல கிடைக்கும்?"

"ஞாயித்துக்கிழமை. அந்த ஊரு வழக்கம் அது."

"புதன்கிழமை கேட்டா குடுப்பாங்களா? அந்தப் பிள்ளைக்குப் புதன்கிழமை விரதம்."

இதுவும் பொய்யல்ல. சீதா புதன்கிழமைகளில் மரக்கறிதான் சாப்பிடுவாள் என்று வேலாயி வழியில் சொல்லியிருந்தாள்.

பழனியாண்டி சிரித்தார். "புதன்கிழமையா? வேலை நாள்ல ஒரு மணித்தியாலம் கேட்டாலே வீட்டுக்காரம்மா கத்துவாங்க. லீவுன்னா ஞாயிறுதாம்மா."

பேச்சு முடிந்தது என்பதைக் காட்ட அவர் நேரம் பார்த்தார். வலது கையை உள்ளங்கை மேலே தெரியத் திருப்பினார். கடிகாரத்தின் முகம் மணிக்கட்டின் உட்பக்கம் இருந்தது.

படத்தில் சீதாவின் தோளைச் சுற்றியிருந்ததும் வலது கை. அந்தக் கடிகாரத்தின் முகமும் உட்பக்கம்தான் இருந்தது; வெளியே தெரிந்தது வார் மட்டும்.

இருபத்திரண்டு வருடம் கான் முறைப்பாடு கேட்டவள் ரத்தினம்மா; செத்த எலிக்கும் அழுகின ஈரப்பலாவுக்கும் அசைந்ததில்லை. இந்த ரோஜா வாசனைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். கும்பிட்டுவிட்டு எழுந்தாள். கீழே வந்து, ஒன்றையும் தொடவில்லையென்றாலும், குழாயடியில் முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள்.

"என்னக்கா, தொழப்போற மாதிரி ஒளு செய்யிறீங்களா?" என்றான் நளீர்.

"ஜூன் பதினஞ்சு என்ன நாள்?"

"புதன். பொசன் போயா, பௌர்ணமி லீவு. நல்லா ஞாபகம் ஈக்குது, இறைச்சிக் கடையெல்லாம் பூட்டு. சும்மா சாப்பாடு குடுக்கிற தன்சல் வரிசையில நின்டு மரவள்ளிக் கிழங்கு தின்டேன், மூணு எடத்துல."

"சைப்பிரஸ்ல போயா லீவு உண்டா?"

நளீர் மெல்ல விசிலடித்தான்.

"கடுதாசி எழுதினவன் சுவத்துல தொங்குற நம்ம ஊரு கலண்டரப் பாத்திருக்கான். சிவப்பு எழுத்துல இருந்த நாளா பாத்து அவளக் கடலுக்கு அனுப்பிட்டான். பௌர்ணமி வந்தா உலகமே கடையப் பூட்டும்னு நம்ம நாட்டுக்காரன் ஒருத்தனாலதான் நினைக்க முடியும்" என்றாள் ரத்தினம்மா. கையைப் பற்றி மட்டும் அவள் பேசவில்லை. பின்சீட்டில் வேலாயி உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப எங்க போற?"

"மூணாம் மாடிக்கு யாரும் ஒரு லொறி மண்ணு ஏத்த மாட்டாங்க. பயிற்சி நிலையம் பல்லேகலயில இருக்குன்னு போர்டுல எழுதியிருக்கு. மண்ணு இருக்கிற இடத்துலதான் கடலும் இருக்கும். பைலும் அங்கதான் இருக்கும்."

*

தென்னக்கும்புர பாலத்தைத் தாண்டி, கிரிக்கெட் மைதானத்துக்கு முன்னால் ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது அந்த வீடு. உயர்ந்த மதில், இரும்புக் கேற். ரத்தினம்மா பழைய பைல் ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். நளீர் கையில் டோர்ச். வேலாயி த்ரீவீலரிலேயே இருந்தாள்.

நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி கேற்றை ஒரு சாண் திறந்தாள். அந்த வீட்டுக்குப் பொறுப்பானவள், பெயர் சந்திரிகா.

"பழனியாண்டி மஹத்தயா இல்ல. நாளைக்கு வாங்க."

"வீட்டுல எங்கயாவது தண்ணி தேங்கி நிக்குதா?" என்று கேட்டாள் ரத்தினம்மா.

அந்த வருடம் கண்டியில் அந்த ஒரு கேள்விக்குத் திறக்காத கேற் கிடையாது. சந்திரிகாவின் முகம் வெளுத்தது. "டெங்கு செக்கிங்கா? ஐயோ நோனா, இங்க எல்லாம் கிளீன்."

"பாத்துடுவோம்."

உள்ளே போகும்போது நளீர் முணுமுணுத்தான். "டெங்குன்டு நாங்க செல்லவே இல்ல."

"நான் பொய் சொல்ல மாட்டேன்னு உனக்குத் தெரியுமே."

முன் கூடத்தில் ஒரு வொஷிங் மெஷின், ஒரு வெற்றுக் கட்டில், இஸ்திரிப் பெட்டி. இவற்றில்தான் பெண்களுக்கு வெளிநாட்டு வேலை பழக்குகிறார்களாம். அன்று வகுப்பு இல்லை. கூடத்தின் முடிவில் பூட்டிய கதவு ஒன்று.

"அது ஸ்டோர் ரூம்" என்றாள் சந்திரிகா.

நளீர் டோர்ச்சைக் கதவின் அடியில் அடித்தான். வாசலுக்குக் கீழேயிருந்து மணல் கூடத்துக்குள் கசிந்திருந்தது.

"ஸ்டோர் ரூமுக்குள்ள கரை ஒதுங்குது அக்கா."

ரத்தினம்மா பைலைத் திறந்து, பேனாவை எடுத்து, சந்திரிகாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. திறந்த பைலுக்கும் திறந்த பேனாவுக்கும் இந்த நாட்டில் பயப்படாதவர் யார்? திறப்புக் கொத்து வந்தது.

கதவு திறந்ததும் முதலில் வந்தது நாற்றம். பூனை மூத்திரம். பழையது, புதியது, பல நாள் வெயிலில் சுண்டியது. பிறகு கடல்.

சுவர் முழுக்க ஒட்டிய பெரிய தாள். இரண்டு பக்கமும் குன்றுகள், நடுவில் நீலம், வெள்ளைப் படகு. ஒரு தாளும் மறு தாளும் சேரும் இடத்தில் படகு அரை அங்குலம் உடைந்திருந்தது. கீழே ஆற்றுமணல். அதில் உடைந்த ஜன்னல் வழியாக ஊர்ப் பூனைகளெல்லாம் வந்து தோண்டி மூடிய குழிகள். ஒரு வர்ணக் குடை, ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு கூடையில் ஓலைத் தொப்பிகளும் கறுப்புக் கண்ணாடிகளும். வானத்தில், உயிரோடு, ஒரு பல்லி.

நளீர் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தான். "நீங்க வழியில செல்லினீங்களே, கோயில் தெப்பக்குளம் மாதிரி சுத்தமான்டு, அவரு கால நனைச்சது இதுலயா?"

மூலையில் ஓர் அலுமாரி. ரத்தினம்மா மணலில் மிதிக்குமிடம் பார்த்து நடந்துபோய்த் திறந்தாள். வரிசையாகக் கடித உறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணின் பெயர். உள்ளே படங்கள், மாதவாரியாகக் கிளிப் போட்டு. சித்திரைக்கு ஒரு சேலை, ஆடிக்கு ஒரு சட்டை, கிறிஸ்மஸுக்கு ஒரு சிவப்புத் தொப்பி. எல்லாம் ஒரே நாளில் எடுத்தவை. எல்லாவற்றுக்கும் பின்னால் அதே உடைந்த படகு. பிள்ளைகள் அங்கே என்ன பாடுபட்டாலும் தாய்மார்களுக்கு மாதம் ஒரு சிரிப்பு போய்ச் சேரும்.

ஒவ்வொரு உறையிலும் கடைசியாகத் தனியாக மடித்த ஒரு தாள். மேலே அழகான கையெழுத்தில்: 'பிரச்சினை வந்தால்.'

ரத்தினம்மா ஒன்றைப் பிரித்தாள். உள்ளே ஒரு படம்: ஹுன்னஸ்கிரியப் பெண் ஒருத்தி. தோளைச் சுற்றி அந்தக் கை. இன்னொன்றைப் பிரித்தாள். வேறொருத்தி, அதே கை. எண்ணியதில் முப்பத்தொரு உறைகள். எந்தப் பெண் வாய் திறந்தாலும் அவள் வீட்டின் வாயை அடைப்பதற்கான அவமானம், முன்கூட்டியே தயாரித்து, பெயர் எழுதி, அலுமாரியில் அடுக்கப்பட்டிருந்தது. ஊறுகாய் போட்டு வைப்பதுபோல.

அவள் உறைகளைத் திருப்பி வைக்கக் குனிந்து சுவரைப் பிடித்தாள். பிடித்தது கடல் என்று தெரிந்ததும் கையை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"சீதாட கவர் இந்தா" என்றான் நளீர். கனமாக இருந்தது. "விலாசம் உள்ளுக்கு ஈக்கும்."

விலாசமும் இருக்கவில்லை, மாதப் படங்களும் இருக்கவில்லை. உள்ளே இருந்தது ஒரு பாஸ்போட்.

ரத்தினம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். சீதாவின் படம். பெயர். பிறகு வெற்றுத் தாள், வெற்றுத் தாள், வெற்றுத் தாள். புறப்பட்டதற்கும் முத்திரை இல்லை, போய் இறங்கியதற்கும் முத்திரை இல்லை.

"நளீர்" என்றாள், குரலைத் தாழ்த்தி. "நம்ம கணக்கு பிழைச்சுப் போச்சு. அவ போகவே இல்ல."

திரும்பிப் பார்த்தபோது சந்திரிகா கூடத்தில் இல்லை. முன்வாசலில் நின்று போனில் யாருடனோ அவசரமாகச் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தாள்.

ரத்தினம்மா பின்கதவைத் திறந்தாள். சிறு முற்றம். கொடியில் படுக்கை விரிப்புகள். அவற்றுக்கு நடுவே, உரச் சாக்கை வெட்டி, மேல் விளிம்பில் கயிறு கோத்த ஒரு படங்கு காய்ந்துகொண்டிருந்தது. பனியும் ஈரமும் உடம்பில் படாமல் கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டுவது. பல்லேகலயில் எந்த வீட்டுப் பெண்ணும் துணி துவைக்க அதைக் கட்ட மாட்டாள். அது இல்லாமல் தண்ணீரில் கைவைக்கத் தெரியாத ஒருத்தி இந்த வீட்டில் இருந்தாள்.

விரிப்பை விலக்கினாள். துவைக்கிற கல்லில், இடுப்பில் இன்னொரு படங்கோடு, ஒரு பெண் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். ஓலைத் தொப்பி இல்லை. சிரிப்பு இல்லை.

"சீதா."

அவள் சவர்க்காரத்தை விடாமல் நிமிர்ந்தாள். "தண்ணி தேங்கலங்க. தினம் ஊத்திருவேன்."

"உங்க அம்மா வெளிய நிக்கிறாங்க."

"அம்மா வரக்கூடாதுங்க." சீதா பதறிச் சுற்றிலும் பார்த்தாள். "எனக்கு விசா கிடைக்கல. அடுத்த மாசம் வரும்னு சார் சொல்லியிருக்காரு. அதுவரைக்கும் இங்க வேலை செய்யணும். நான் வெளிய போனா அப்பாவப் பொலிஸ் பிடிச்சு மறியல்ல போட்டுருவாங்களாம், பேப்பர்ல கையெழுத்து வச்சிருக்காராம்."

"எட்டு மாசமா அடுத்த மாசம்?"

சீதா சவர்க்காரத்தைக் கல்லில் வைத்தாள். அவளே அதை எத்தனை தடவை எண்ணியிருப்பாளோ.

நளீர் ஏற்கெனவே கேற்றுக்கு ஓடியிருந்தான். வேலாயி வந்தாள். அழவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. நேராகப் போய் மகளின் இடுப்பில் இருந்த படங்கின் முடிச்சை அவிழ்த்துக் கீழே போட்டாள்.

"அந்தப் படத்துல கை யாருதுடி?"

"சாரோடதும்மா. அப்ளிகேசனுக்கு அப்படித்தான் எடுக்கணும்னாரு. சிரிக்கச் சொன்னாரு. எனக்கு வரல. வர்ற வரைக்கும் எடுத்தாரு."

வேலாயி வீட்டுக்குள் நடந்தாள். நாற்றம் வந்த திசையிலேயே போய் அந்த அறை வாசலில் நின்றாள். குடையைப் பார்த்தாள், பூனைக் குழிகளைப் பார்த்தாள், தன் வம்சத்தில் முதல்முறையாக ஒருத்தி பார்த்ததாக அவள் சந்தோசப்பட்ட கடலைப் பார்த்தாள். வாய் நிறைய வெற்றிலையைக் கூட்டி, அந்த நீலத்தின் நடுவில் காறித் துப்பினாள். பல்லி வானத்தைவிட்டு முகட்டுக்கு ஓடியது.

"சந்திரிகா நோனாட போன பறிக்கட்டா அக்கா?" என்றான் நளீர்.

"விடு. அவரக் கூப்பிடட்டும். நீ பொலிஸக் கூப்பிடு."

"கூப்பிட்டுட்டேன். வாராங்களாம்."

பொலிஸ் முதலில் வந்தது. ரத்தினம்மா சார்ஜனிடம் அலுமாரியைக் காட்டினாள். அவர் மூன்று உறைகளைப் பார்த்துவிட்டு நாலாவதைப் பார்க்காமல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, வருகிறவரைப் பிடிக்கக் கதவுக்குப் பின்னால் போய் நின்றார். பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துக் குடைக்குக் கீழே போட்டு, மடித்த தாள்கள் முப்பதையும் மடியில் வைத்துக்கொண்டு ரத்தினம்மா கடற்கரையில் உட்கார்ந்தாள். முப்பத்தோராவது, சீதாவுடையது, வேலாயியின் பையில் இருந்தது. அதை அவள் அடுப்பில் போடத்தான் கேட்பாள். வழக்கு முடியட்டும் என்று சொல்ல வேண்டும்.

வெளியே கார் ஒன்று நின்றது. அவசரமான செருப்புச் சத்தம். ஆளுக்கு முன்னால் ரோஜா வாசனை கூடத்தைத் தாண்டி வந்தது.

பழனியாண்டி வாசலில் நின்றார். அவள் மடியில் இருந்த தாள்களையும் அவற்றின் மேல் இருந்த தன் கையெழுத்தையும் கண்டார். அவர் வலது கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது.

"வாங்க" என்றாள் ரத்தினம்மா. "பிரச்சினை வந்திருச்சு."